ஜீப் வந்தால் ஒளிகிறவர்கள்

குட்டைக்கரை, ஈப்போ
10.10.1976

தங்கச்சி நல்லம்மாளுக்கு,

அண்ணன் ஐயாவு சொல்லச் சொல்ல டோரிஸ் எழுதுகிற கடிதம். இங்கே நானும் என் முட்டிவலியும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் எப்படி? தோட்டத்தில் எல்லாரும் சுகமா?

டோரிஸ் யாருன்னு கேட்பாய். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேதக்காரப் பொண்ணு. அவளும் ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி சவரிநாதனும் சேர்ந்து எங்கள் கம்பத்துக்குன்னு, இந்தக் குட்டைக்கரை ஊருக்குன்னு, ஒரு நல்வாழ்வுச் சங்கம் ஆரம்பிச்சிருக்காங்க. முதல் நாளே எதிர்வீட்டுச் சன்னாசி என்னைத் தனியாக் கூட்டிப்போய், "மாமா, இவங்க நம்மளை ஞானஸ்நானம் பண்ணத்தான் வந்திருக்காங்க லா" என்றான். "முதல்ல குளிக்கத் தண்ணி வரட்டும், அப்புறம் பயப்படு" என்றேன்.

சங்கம் சாயங்காலம் கூட்டம் போட்டது. ஒரு நாய் மட்டும் வந்து கடைசி வரைக்கும் கேட்டது. டோரிஸ் முகம் சுண்டிப்போச்சு. நான் சொன்னேன்: "எங்க ஆளுங்க எல்லாம் தோட்டத்துலேருந்து வந்தவங்க. சாயங்காலம் கூப்பிட்டா யாரோ பிராது குடுத்திருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க. விடியக்காலையில பெரட்டுக்குக் கூப்பிடு." மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தட்டினேன். அவ்வளவுதான். அத்தனை வீட்டு ஆளும் வந்து, தோட்டத்தில் பேர் கூப்பிட நிற்கிற மாதிரியே வரிசையா நின்னுட்டாங்க. சன்னாசி ரப்பர் மரத்தில் பால் வெட்டி எத்தனையோ வருஷமாச்சு. தூக்கக் கலக்கத்தில் பால் வாளியோட வந்து நிக்கிறான்!

அன்றைக்கே மண்வெட்டி எடுத்தோம். கம்பத்தைச் சுத்தி லோங்காங் வெட்டிக் குட்டைத் தண்ணியை ஆத்துப்பக்கம் திருப்பியாச்சு. நீ முன்னே வந்திருந்தப்போ ஈயக்குட்டை பொங்கி உன் பாய் மிதந்ததே, இனிமேல் அது நடக்காது. "தவளையோட குடும்பம் நடத்த முடியாது"ன்னு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாய். தவளைகளைக் காலி பண்ணியாச்சு. என் வீட்டுக்குப் பக்கத்து மனை சும்மா கிடக்கு. மழைக்கு முந்தி வந்துவிடு.

தேவைக்கு எழுது.
உன் அண்ணன்
ஐயாவு

ஆத்துமேட்டுத் தோட்டம், சிலிம் ரிவர்
21.11.1976

அண்ணனுக்கு நல்லம்மாளின் வணக்கம்.

ஜெயபாலன் வாத்தியார் எழுதுகிறார். இருமல் இருக்கு, நானும் இருக்கேன். உன் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்தாயா, இல்லை வழக்கம்போல வாயாலேயே வைத்தியம் பண்ணிக்கிறாயா?

லோங்காங் வெட்டினதைக் கேட்டு சந்தோஷம். ஆனால் நான் வரவில்லை அண்ணே. அந்த மண்ணு யாருது? சர்க்காருது. நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து "எழுந்திரு"ன்னா எழுந்திருக்கணும். ஒரு இடத்திலிருந்து எழுந்திருச்சு இன்னொரு இடத்திலும் எழுந்திருக்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. உங்க இடம்னு முதலில் ஆகட்டும், பார்க்கலாம்.

இங்கே மழை கொட்டுது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறது கேட்கலை. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனிமேல் கடிதத்தை வாத்தியார் பேருக்கே போடு. தோட்டத்து ஆபீசுக்குப் போட வேண்டாம்.

தங்கச்சி
நல்லம்மாள்

குட்டைக்கரை, ஈப்போ
12.12.1976

தங்கச்சி நல்லம்மாளுக்கு, அண்ணனின் ஆசீர்வாதம். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேன். வாய்க்கும் ஓய்வில்லை.

நீ கேட்டது சரியான கேள்வி. சங்கமும் அதைத்தான் பிடிச்சு உலுக்கிக்கிட்டிருக்கு. எங்கள் மண்ணின் மேல் சாமில் முதலாளி ஒரு தொக்கேவுக்குக் கண். மரம் அறுக்கிற மில்லு போடணுமாம். சவரிநாதன் நில ஆபீசுக்கு நடையா நடந்து, எங்களுக்கு மனை லைசென்சும் தண்ணிப் பைப்பும் கேட்டிருக்கார். அதைப் பார்க்கிற ஆபீசர் பேரு என்சே ரம்லி. "நேரில் வந்து பார்க்கிறேன். குடும்பங்கள் நிஜமா அங்கே வாழுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு. இல்லேன்னா மில்லுக்கு"ன்னு நேரா சொல்லிட்டாராம். ஜனவரியில் வருகிறார். அவர் சரின்னு சொல்லிட்டா அந்த மனை உனக்கு.

இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன். தகரத்தில் மழை விழுதுன்னு எழுதியிருக்கியே, உனக்கு ஏது தகரம்? நீ குடியிருக்கிற அஞ்சாம் லயத்துக்கு ஓட்டுக்கூரை. ஜப்பான்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம் பழைய துரை மாத்திப்போட்ட ஓடு, நான்தான் கீழேயிருந்து எடுத்துக்கொடுத்தேன். அந்தத் தோட்டத்தில் தகரம் போட்டது ஸ்டோருக்கும் இருளாயி வீட்டு மாட்டுக் கொட்டாய்க்கும்தான்.

பதில் எழுது. வாத்தியாருக்கு என் வணக்கம்.

ஐயாவு

குட்டைக்கரை, ஈப்போ
30.1.1977

நல்லம்மாளுக்கு,

நீ பதில் போடவில்லை. சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகமாக இல்லை.

என்சே ரம்லி வந்தார். டோரிஸ் புதுச் சேலை கட்டி நின்னா. சவரிநாதன் டை கட்டியிருந்தார். பிள்ளைகளுக்குத் தலை வாரி, வாசல் கூட்டி, எல்லாம் தயார். வண்டிச் சத்தம் கேட்டது. காரில் வருவார்னு நினைச்சோம். வந்தது ஜீப்.

அப்புறம் நடந்ததை என்னன்னு சொல்ல! ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லலை. கதவைச் சாத்திட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு, பாதிப் பேர் குட்டைக்குப் பின்னாடி லாலான் புல்லுக்குள்ளே போயாச்சு. குடியுரிமை இல்லாம சிவப்பு அடையாளக் கார்டு, ஐசி, வச்சிருக்கிறவன், சொந்தக்காரன் வீட்டில் ஒண்டியிருக்கிறவன், வயசானதுகள், எல்லாம் ஓட்டம். தோட்டத்து ஆள் பதிவில், செக்ரோலில், பேரில்லாதவர்கள் துரை ஜீப்பைக் கண்டால் எங்கே வெளியே துரத்துவானோன்னு எப்படி ஓடுவாங்களோ அப்படி.

நானும்தான். என் காலு என்னைக் கேட்கலை. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தால் வாழைக்குப் பின்னாடி இருக்கேன், பக்கத்தில் சன்னாசி. "மாமா, நீங்க ஏன் ஓடிவந்தீங்க, நீலம்தானே உங்க ஐசி?" என்றான். "நீ ஏன்டா ஓடிவந்த?" என்றேன். "நீங்க ஓடினீங்க லா!" என்றான்.

வெளியே டோரிஸ் ஒருத்தி ஆபீசரைக் கூட்டிக்கிட்டு, பூட்டின கதவு பூட்டின கதவாத் தட்டறா. அவர் பார்த்துட்டு, "இங்கே பாதி வீடு காலி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மில்லுக்குப் போயிடும் போலிருக்கு.

(மாமா இதையும் எழுதச் சொல்கிறார்: நான் அவர்களைத் திட்டித் தீர்த்தேன், பிறகு அழுதேன். நிஜம்தான். – டோரிஸ்)

நல்லம்மா, அந்த வாழைக்குப் பின்னாடி குந்தியிருந்தப்போதான் எனக்கு விளங்கிச்சு. ஆபீசுக்குக் கடிதம் போடாதேன்னாய். தகரம்னாய். உன்னைச் செக்ரோலிலேருந்து எடுத்துட்டாங்களா? இருளாயி மாட்டுக் கொட்டாயிலா படுக்கிறாய்? ஜீப்பு வந்தா நீயும் ஓடறியா, இந்த வயசில்?

ஐயாவு

ஆத்துமேட்டுத் தோட்டம்
27.3.1977

அண்ணனுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் தாமதம், கோபிக்க வேண்டாம்.

நீ கண்டுபிடிச்சிட்டாய். உன் ஞாபகத்தைக் கொண்டுபோய் குட்டையில் போட! போன வருஷம் மேக்குப் பதினெட்டாம் நம்பர் காட்டில் பால் எடுத்துக்கிட்டிருந்தப்போ கிராணி கூப்பிட்டு வயசாச்சுன்னுட்டார். அடுத்த வாரமே லயத்து வீட்டை வேறே குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. இருளாயி நல்லவள். மாடும் நல்ல மாடு, உன் பெண்டாட்டி மாதிரி குறட்டை விடாது, பாவம் அவள் ஆத்மா சாந்தியாகட்டும். மேனேஜர் ஜீப்பு வந்தால் ஸ்டோருக்குப் பின்னாடி புதரில் இருந்துக்குவேன். அவ்வளவுதான். இதைப் பெரிசுபடுத்தாதே.

உடனே வான்னு எழுதாதே. வர முடியாததற்கு ஒரு காரணம் இருக்கு. கேட்காதே.

உங்க விஷயம் சொல்றேன். ஆளுங்க ஓடினதுக்கு அந்தப் பொண்ணு அழுதது சரி, ஆனால் திட்டினது தப்பு. ஓடாத நாள் ஒண்ணு இருக்கே, மறந்துட்டியா? சாமி ஊர்வலம். அன்றைக்குச் செக்ரோலில் பேர் இருக்கிறவன், இல்லாதவன் எல்லாம் வாசலில் தட்டு வச்சுக்கிட்டு நிற்பான். துரைதான் நம்மகிட்டே வந்து மாலை வாங்கிக்குவான். அன்றைக்கு எவன் ஒளிஞ்சான்? உங்க ஆபீசரை சித்திரைப் பௌர்ணமிக்குக் கூப்பிடு. ஆபீசர் பார்க்க வந்தால்தானே ஓடுவீங்க. விருந்தாளியா வரட்டும்.

நல்லம்மாள்

குட்டைக்கரை, ஈப்போ
10.4.1977

நல்லம்மாளுக்கு அண்ணனின் ஆசீர்வாதம். முட்டி பரவாயில்லை.

உன் கடிதத்தை டோரிஸ் ரெண்டு தரம் படிச்சாள். அப்புறம், "மாமா, உங்க தங்கச்சியைச் சங்கத் தலைவியாக்கலாம்" என்றாள். சவரிநாதன்தான் முறுக்கிக்கிட்டார். "நாங்க ரெண்டு பேரும் ஆர்.சி., ஆபீசர் இஸ்லாம், நடத்துகிறது மாரியம்மன் திருவிழாவா? கேட்கிறவன் சிரிப்பான்" என்றார். காளிமுத்து பூசாரி பெண்டாட்டி கருப்பம்மாள், "சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி, மில்லு வந்தா அழுவோமே" என்றாள். அதோட முடிஞ்சது.

குட்டைக்கரையில் நம்ம அம்மாவுக்கு இருக்கிறது ஒரு கல்லும் ஒரு தகரச் சார்ப்பும். சங்கம் சாயம் அடிச்சுக் கொடுத்தது. சவரிநாதனே நேரில் போய் ஆபீசரை அழைச்சார். கோயிலுக்குள்ளே வர வேண்டாம், ஊர்வலத்தோடு சும்மா நடந்து வாங்க, சாப்பாடு மரக்கறிதான்னு விளக்கிச் சொன்னார். அவர் ரொம்ப யோசிச்சு, "சரி, ஆனால் அன்றைக்கும் வீடு காலியா இருந்தா இனிமேல் என்னைக் கூப்பிடாதீங்க" என்றாராம்.

ஆக, இது கடைசி. அம்மாகிட்டே நீயும் வேண்டிக்கொள்.

காரணத்தைக் கேட்காதேன்னாய், கேட்கலை. ஆனால் எனக்குக் கோபம் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கோ.

ஐயாவு

குட்டைக்கரை, ஈப்போ
8.5.1977

என் தங்கம் நல்லம்மாளுக்கு,

சுகம், சுகம், சுகம். மூணு தரம் எழுதும்மான்னு டோரிஸ்கிட்டே சொன்னேன்.

அம்மா புறப்பட்டாள். மேளம் பாரிட் புந்தாரிலேருந்து வந்தது, ஏத்தி வர டோரிஸின் அண்ணன் தன் லோரியை அனுப்பினார். என்சே ரம்லி ஜீப்பில்தான் வந்தார். சத்தம் கேட்டதும் நான் வாழைப் பக்கம் திரும்பிட்டேன். பார்க்கிறேன், ஒருத்தரும் அசையலை! எப்படி அசைவாங்க? சாமி வாசலுக்கு வர்ற நேரம், தட்டைக் கீழே வச்சுட்டு ஓட முடியுமா?

சாமி ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ஆபீசரும் நின்றார். ஒவ்வொரு வாசலிலும் கிழவி, கிழவன், பிள்ளை, மருமகள், ஒண்டிக்கிட்டிருக்கிற மச்சான், எல்லாரும் குளிச்சு நெற்றியில் திருநீறோட. சிவப்பு ஐசிக்காரன் முதல் வரிசையில். பாதி தூரம் போனதும் அவர் நின்னு, "ஜனவரியில் வந்தேனே, நீங்க எல்லாம் எங்கே இருந்தீங்க?"ன்னு மலாயில் கேட்டார்.

சன்னாசிதான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு முன்னால் வந்து, "அடா, துவான். தாக்குட் லா" என்றான். இங்கேதான் இருந்தோம், பயம்னு.

அவர் முதலில் சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. கருப்பம்மாள் வாசல், குழந்தைகள் வரிசை, லோங்காங், எல்லாத்தையும் திரும்ப ஒரு தரம் பார்த்தார். பந்தியில் எங்களோட உட்கார்ந்து பாயசம் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். போகும்போது சவரிநாதன் கையைப் பிடிச்சு, "மில்லுக்காரர் வேறே இடம் பார்க்கட்டும்" என்றார்.

சவரிநாதன் டையைக் கழட்டி மேளக்காரன் கழுத்தில் போட்டுட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

உன் யோசனை தங்கச்சி. கம்பம் முழுக்க உன் பேர்தான்.

அண்ணன்
ஐயாவு

குட்டைக்கரை, ஈப்போ
17.7.1977

நல்லம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. உன்னிடமிருந்து பதில் இல்லாமலே இது அடுத்த கடிதம்.

லைசென்சு வந்துடுச்சு. போன வாரம் பைப்பைத் திறந்தாங்க. முதல் தண்ணி சிவப்பா வந்தது, அப்புறம் வெள்ளை. கருப்பம்மாள் குடத்தை வச்சுட்டு எடுக்கவே இல்லை, வழிஞ்சு ஓடுது, அதைப் பார்த்துக்கிட்டே நிற்கிறாள். டோரிஸ் பைப்பில் தலையைக் காட்டி நனைஞ்சுட்டா. சன்னாசி கத்தறான், "ஞானஸ்நானம் அவங்களுக்கே ஆயிடுச்சு லா!"

உன் வீடும் ஆச்சு. விடியக்காலைப் பெரட்டில் கேட்டேன், எல்லாரும் ஆளுக்கொரு நாள் வந்து கட்டினாங்க. தரையைத் தூக்கிப் போட்டிருக்கு. கூரை ஓடு. மழை பெய்தால் பேசுகிறது கேட்கும்.

இனிமேல் என்னடி காரணம்? இடம் எங்களுதுன்னு ஆகட்டும்னாய், ஆச்சு. என் வீட்டுக்கு வந்து என் சோற்றைத் தின்ன உனக்கு ரோஷமா? அடுத்த வாரம் லோரி அனுப்புகிறேன். ஏறினால் ஏறு. இல்லேன்னா எனக்குத் தங்கச்சி இல்லைன்னு நினைச்சுக்கிறேன்.

(இந்தக் கடைசி வரியை எழுதமாட்டேன் என்றேன். எழுது என்று சத்தம் போட்டார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார். – டோரிஸ்)

ஐயாவு

ஆத்துமேட்டுத் தோட்டம்
14.8.1977

அண்ணனுக்கு வணக்கம்.

லோரி வந்தது, வெறுமனே திருப்பி அனுப்பினேன். டிரைவருக்கு இருளாயி சோறு போட்டாள்.

ரோஷம் இல்லை அண்ணே. கொட்டாயில் நான் மட்டும் இல்லை. காளியம்மா இருக்கிறாள். கூட்டுமரக் காட்டில் நமக்கு அடுத்த நிரை மரம் வெட்டினாளே, அவள்தான். பிள்ளை குட்டி இல்லை. எனக்கு முந்தியே அவள் பேரை எடுத்துட்டாங்க. இப்போ ரெண்டு கண்ணும் தெரியாது.

ஜீப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்னு, "நல்லம்மா, எந்தப் பக்கம்?"னு கேட்பாள். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போவேன். ஒரு தரம் நான் தண்ணிக்குப் போயிருந்தேன். தனியா ஓடி முள்ளுக்கம்பியில் விழுந்துட்டாள். நான் உன் ஓட்டு வீட்டில் படுத்துக்கிட்டு, இங்கே இவள் எந்தப் பக்கம்னு கேட்டால் யார் சொல்றது?

சங்கம் உன் தங்கச்சிக்குன்னுதான் வீடு கட்டினது. யாரோ ஒருத்தியையும் சேர்த்துக்கோன்னு கேட்க எனக்கு வாய் வரலை. அதான் எழுதலை. நீ தங்கச்சி இல்லைன்னாலும் நான் அண்ணன் இல்லைன்னு சொல்லமாட்டேன்.

நல்லம்மாள்

குட்டைக்கரை, ஈப்போ
21.8.1977

நல்லம்மா,

மூளை இருக்கா உனக்கு?

கடிதத்தை டோரிஸ் விடியக்காலைப் பெரட்டில் நின்னு எல்லாருக்கும் படிச்சாள். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே கருப்பம்மாள், "யாரோ ஒருத்தியா? இங்கே நாங்க எல்லாம் யாரு?" என்றாள். சன்னாசி உன் வீட்டில் இன்னொரு கட்டில் போடப் போயிட்டான். பைப்படிக்குக் கை பிடிச்சுப் போகக் கம்பு நட்டுக் கயிறு கட்டணும்னு சவரிநாதன் அளந்துக்கிட்டு நிற்கிறார். காளியம்மா கண்ணைப் பெரிய டாக்டரிடம் காட்டணும்கிறாள் டோரிஸ். புரை என்றால் ஒருவேளை சரியாகுமாம், பார்க்கலாம்.

ரெண்டு பேரும் வாங்க. உன்னைத் திட்டினதுக்கு மாப்பு. வந்த பிறகு மிச்சத்தைத் திட்டுகிறேன்.

ஐயாவு

சிலிம் ரிவர்
4.9.1977

அண்ணனுக்கும் குட்டைக்கரை ஜனங்களுக்கும் நல்லம்மாளின் வணக்கம். நாங்கள் ரெண்டு பேரும் சுகம். இப்போது டவுனில் வாத்தியார் வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம். இருளாயி முறுக்கு கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

தோட்டத்தை விட்டது எப்படின்னு நீ கேட்பாய், நானே சொல்லிடறேன். பின்பக்கமாப் போய் டவுனுக்குப் போற லோரியில் ஏறிடலாம்னு வாத்தியார் சொன்னார். வேண்டாம்னுட்டேன். விடியக்காலை, பெரட்டு நிற்கிற நேரத்தில், வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு, காளியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, பெரட்டுக்களம் வழியாத்தான் நடந்தேன். வரிசையில் நின்னவங்க எல்லாம் வழி விட்டாங்க. கிராணி பேர் கூப்பிடறதை நிறுத்திட்டார். சின்னப் பிள்ளையிலிருந்து நான் தூக்கி வளர்த்த ஒருத்தன் ஓடிவந்து மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கிட்டான்.

மேனேஜர் வழக்கமா வர்ற நேரம்தான். பாதி களத்தில் இருக்கும்போது ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. காளியம்மா நின்னுட்டாள்.

"நல்லம்மா, எந்தப் பக்கம்?" என்றாள்.

"நேரா" என்றேன்.

நேராவே நடந்தோம். ஜீப்புதான் ஒதுங்கி நின்னுது.

உன் தங்கச்சி
நல்லம்மாள்